எஸ்தரும் குடகு இளவரசியும்

எஸ்தரின் சரித்திரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கௌரம்மா நினைவுக்கு வருகிறாள். 1834இல் ஆங்கிலேயக் கம்பெனி குடகு நாட்டைப் பறித்து, அரசர் சிக்க வீரராஜேந்திரரைக் காசியில் வைத்தது. 1841இல் பிறந்த அவருடைய மகள் இவள். கம்பெனியிடமிருந்த தம் பணத்தை மீட்க வழக்காடும் நோக்கமும் கொண்டு, 1852இல் அவர் மகளுடன் லண்டன் சென்றார். அவ்வாண்டு ஜூன் 30 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் அவள் ஞானஸ்நானம் பெற்றாள். விக்டோரியா மகாராணியே ஞானத்தாய். தம் பெயரையும் சூட்டினார்.

அந்த ஞானஸ்நானத்தை நான் குறைவாக எண்ணவில்லை. ஆயினும் உப்பளத்தில் நம் ஓய்வுநாள் பள்ளிக்கு வரும் பதினொரு வயதுப் பெண்பிள்ளைகளைப் பாருங்கள். அவளுக்கும் அதே வயதுதான். அதன்பின் ஆங்கிலக் குடும்பங்களின் பொறுப்பில் வளர்ந்தாள். பஞ்சாபின் துலீப் சிங்குக்கு அவளை மணமுடிக்க மகாராணி விரும்பினார், அவர் இசையவில்லை. 1860இல் தன்னிலும் மிக மூத்த கர்னல் ஜான் கேம்பெல்லை மணந்தாள். மறுஆண்டு எடித் என்னும் மகள் பிறந்தாள்.

எஸ்தர் எப்படியிருக்கிறாளென்று அறிய மொர்தெகாய் நாள்தோறும் அரண்மனை முற்றத்தண்டை உலாவினான். கௌரம்மாவுக்காக உலாவியவர் யார்? தகப்பன் 1859இல் லண்டனிலேயே மரித்து, கென்சல் கிரீனில் அடக்கம்பண்ணப்பட்டார். 1864இல் தன் 22ஆம் வயதில் அவளும் மரித்தாள். அவள் கல்லறை அதே நகரத்தின் பிராம்ப்டனில் இருக்கிறது.