போர் விமானம் பழகுகிறேன்

பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் வாசிப்பு, தையல், கேக் செய்வது என்று சொல்லும் தோழிகள் நடுவே எனது பதில் கொஞ்சம் வித்தியாசமானது. நான் கணினியில் போர் விமானம் ஓட்டப் பழகுகிறேன். இதைச் சொன்னதும் சிலர் சிரிப்பார்கள். சிலர், "அது ஆம்பிளப் புள்ளைகள்ற விளையாட்டெல்லவா?" என்பார்கள். உம்மாவின் கவலை வேறு. உயர்தரப் பரீட்சை அடுத்த வருடம். இந்த மூவருக்கும் சேர்த்துத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். இதைப் பழக விரும்பும் ஒரு தங்கை எமது கல்லூரியில் இருந்தால் அவளுக்கும் இது உதவட்டும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில் இது தொடங்கியது. நானா வேலைக்காகக் கட்டார் போகும்போது தன் பழைய மடிக்கணினியையும் ஒரு ஜோய்ஸ்டிக்கையும் விட்டுச் சென்றிருந்தார். அந்தக் கணினியில் 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946' என்ற சிமியுலேட்டர் இருந்தது. சிமியுலேட்டர் என்பது வெறும் விளையாட்டு அல்ல. நிஜ விமானத்தின் நிறை, இயந்திர வலு, சிறகின் வடிவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, அந்த விமானம் வானில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடக்க முயலும் மென்பொருள் அது. ஐஎல்-2 முதலில் வெளிவந்தது 2001இல். 1946 என்ற பதிப்பு வந்தது 2006இல். பழையது என்பதால் சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். புதிய, வலுவான கணினி உள்ளவர்கள் 'டிசிஎஸ் வேர்ல்ட்' என்பதைத் தரவிறக்கலாம். அதன் அடிப்படைப் பகுதி இலவசம். ஆயுதம் இல்லாத டிஎஃப்-51 என்ற இரட்டை இருக்கை மஸ்டாங் விமானமும் அதனுடன் கிடைக்கும். தொடங்குபவருக்கு அதைவிட நல்ல விமானம் இல்லை என்பேன். சுடுவதற்கு எதுவுமே இல்லாதபோது, பறப்பதை மட்டும்தானே பழக முடியும்?

இதில் நான் முதலில் விளங்கிக்கொண்டதும் அதுதான். பெயர் போர் விமானம் என்றாலும் நீண்ட காலத்துக்குப் போர் என்ற பேச்சே இல்லை. ஓடுதளத்தில் நேராக ஓடுவதே முதற் பாடம். ஒற்றை இயந்திர விமானத்தில் வலுவைக் கூட்டியதும் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். ஹரிக்கேன் என்றால் இடப்பக்கம். சுழலும் இறக்கையும் அது பின்னே தள்ளும் காற்றும் செய்யும் வேலை அது. வலப்பக்கச் சுக்கானை மெதுவாகக் கொடுத்து நேராக்க வேண்டும். நிஜ விமானத்தில் சுக்கான் காலால் மிதிப்பது. எங்களுக்கு ஜோய்ஸ்டிக்கின் பிடியை முறுக்குவது.

இரண்டாம் பாடம் ட்ரிம். விமானம் தானாக மூக்கை உயர்த்தவோ தாழ்த்தவோ பார்க்கும்போது, பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் கை வலிக்கும், கவனமும் சிதறும். ட்ரிம்மைச் சரிசெய்தால் கையை எடுத்தாலும் அது நேராகப் போகும். வேகம் மாறும்போதெல்லாம் ட்ரிம்மும் மாற வேண்டும். பிடியை இரண்டு விரலால் பிடித்தாலே போதும் என்ற நிலை வந்தால் ஒரு படி ஏறிவிட்டோம் என்று அர்த்தம்.

மூன்றாம் பாடம் ஸ்டோல். பெரும்பாலானோர் இதை இயந்திரம் நின்றுபோவது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. காற்று வரும் திசைக்கும் சிறகுக்கும் இடையிலான கோணம் அளவுக்கு மீறினால், சுமார் 15 பாகை என்று வைத்துக்கொள்வோம், சிறகின் மேற்பரப்பில் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். தூக்கும் விசை திடீரெனக் குறையும். விமானம் விழத் தொடங்கும். விழும்போது பிடியைத் தன் பக்கம் இழுக்கத்தான் கை துடிக்கும். ஆனால் செய்ய வேண்டியது மறுதலை. பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். நிலம் எதிரே வரும்போது மூக்கை நிலத்தை நோக்கித் தாழ்த்துவதற்கு மனதைப் பழக்குவது இலேசான காரியமல்ல. 2000 மீற்றர் உயரத்தில் வேண்டுமென்றே ஸ்டோல் செய்து மீட்பதை நாளுக்குப் பத்துத் தடவை செய்தால் கை தானாகப் பழகும்.

நான் கணிதப் பிரிவு மாணவி. பௌதிகவியல் வகுப்பில் கரும்பலகையில் இருந்த சமன்பாடுகள் இந்தத் திரையில் உயிரோடு நடமாடுவதைக் கண்டேன். 60 பாகை சரிந்து, உயரம் குறையாமல் திரும்ப வேண்டுமானால் சிறகு விமானத்தின் நிறையைப் போல் 2 மடங்கு விசை தர வேண்டும். கோசைன் 60 அரை என்பதுதான் காரணம். அப்போது ஸ்டோல் ஆகும் வேகம் 2இன் வர்க்கமூலத்தால், அதாவது 1.41 மடங்கால் உயரும். நேராகப் பறக்கும்போது மணிக்கு 120 கிலோமீற்றரில் ஸ்டோல் ஆகும் விமானம், இந்தத் திருப்பத்தில் 170 கிலோமீற்றரிலேயே ஸ்டோல் ஆகிவிடும். மெதுவாகப் போய்க்கொண்டே கடுமையாகத் திரும்புபவர் ஏன் விழுகிறார் என்பதற்கு இதுவே விடை.

உயரம் என்பது சேமிப்பு. மணிக்கு 360 கிலோமீற்றர் வேகத்தில் போகும் விமானம் 1000 மீற்றர் கீழே பாய்ந்தால், வளித்தடையைப் புறக்கணிக்கும்போது அதன் வேகம் கிட்டத்தட்ட 620 கிலோமீற்றராகும். அழுத்தசக்தி இயக்கசக்தியாக மாறுகிறது. மீண்டும் மேலே ஏறினால் வேகம் உயரமாகத் திரும்பி வரும், ஆனால் முழுவதும் வராது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் செலவாகிவிடும். சம்பளத்தை மாதக் கடைசிவரை கொண்டுபோகும் உம்மாவின் கணக்கும் இதுவும் ஒன்றுதான்.

இவற்றின் பிறகுதான் வானச் சண்டை. இதற்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனிய விமானியான ஒஸ்வால்ட் போல்கே 1916இல் தன் தோழர்களுக்கு எட்டு விதிகளை வகுத்துக் கொடுத்தார். தாக்கும் முன் சாதகமான நிலையை எடு, முடிந்தால் சூரியனை உன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், அருகில் போன பின்னரே சுடு என்பன அவற்றுட் சில. நூறு வருடம் தாண்டியும் சிமியுலேட்டரில் தொடங்குபவருக்கு இவையே போதும். தொடங்குபவரை வீழ்த்துவது பெரும்பாலும் அவர் காணாத விமானம்தான். அதனால் ஜோய்ஸ்டிக்கின் தலையில் உள்ள சிறிய பொத்தானால் இடமும் வலமும் பின்னும் பார்த்துக்கொண்டே இருக்கப் பழக வேண்டும்.

இந்தப் பாடம் எமது நாட்டின் வானத்திலும் நடந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா விமானத்தில் கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைபிடிக்கப்பட்டார். மறுநாள் காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும், அப்போது ஓடுதளமாக மாற்றப்பட்டிருந்த கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்தன. எதிரே வந்தது ஸீரோ. ஸீரோ பாரம் குறைந்தது, சின்ன வட்டத்தில் திரும்பக்கூடியது. அதனுடன் சேர்ந்து திரும்பப் போன ஹரிக்கேன் தப்புவது கடினம். பல ஹரிக்கேன்கள் விழுந்தன. சிமியுலேட்டரில் நான் ஹரிக்கேனில் ஏறி ஸீரோவைச் சந்திக்கும்போதெல்லாம் அந்த விமானிகளை நினைப்பேன். மேலிருந்து பாய்ந்து, ஒரு தடவை கடந்து, திரும்பாமல் விலகிப் போவதுதான் வழி. இது எனக்குப் பத்து வாரத்தில் பிடிபட்டது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு காலைப்பொழுது.

"ஆம்பிளப் புள்ளைகள்ற விளையாட்டு" என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. லிடியா லித்வியாக் என்ற ரஷ்யப் பெண் ஸ்டாலின்கிராட் வானத்தில் யாக்-1 போர் விமானம் ஓட்டினார். 1943 ஓகஸ்ட் 1ஆம் திகதி பறக்கப் போனவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 21. அதே யுத்தத்தில் முழுக்க முழுக்கப் பெண்களே இருந்த ஓர் இரவுக் குண்டுவீச்சுப் படையணியும் இருந்தது. மரத்தாலும் துணியாலும் செய்த சிறிய விமானங்களில் இயந்திர ஓசையைக் குறைத்து, இருட்டில் வழுக்கி வந்து குண்டு போடுவார்கள்.

இதை உம்மம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேல இருந்தது பொம்புளையோ ஆம்புளையோ எண்டு கீழ பங்கருக்குள்ள இருந்த எங்களுக்குத் தெரியாது மகள்."

உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழ்ந்தவர். 1990 ஒக்டோபர் இறுதியில் வீட்டையும் ஊரையும் விட்டுப் புத்தளத்துக்கு வந்தவர். அதற்கு முந்திய மாதங்களில் குண்டு போடும் விமானங்கள் வரும். 'பொம்மர்' என்றுதான் ஊரில் சொல்வார்களாம். வளவில் வேப்பமரத்தடியில் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்த பங்கர். எட்டு வயது உம்மாவை மடிக்குள் அமுக்கிக்கொண்டு அதற்குள் இருப்பார்களாம். "சத்தம் தூரப் போனா அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லுவம். பிறகுதான் நினைப்பு வரும், அது இப்ப வேற ஆற்றையோ வீட்டுக்கு மேலயெல்லோ போகுது எண்டு."

உம்ராவுக்குப் போனபோதுதான் உம்மம்மா முதன்முதல் விமானத்தில் ஏறினார். கட்டுநாயக்கவிலிருந்து எழும்பியதும் கீழே வீடுகள் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தன. அதைப் பற்றி எங்களிடம் சொன்னபோது அவர் வியந்து பேசவில்லை. "அப்ப அவங்களுக்கும் நாங்க இப்பிடித்தான் தெரிஞ்சிருப்பம்" என்றார்.

அன்றிரவு நான் சிமியுலேட்டரைத் திறந்து, 3000 மீற்றர் உயரத்தில் பறந்துகொண்டே கீழே பார்த்தேன். ஒரு சிற்றூர். சதுரச் சதுரமாகக் கூரைகள், ஒரு தெரு, ஓர் ஆறு. தெருவில் ஒருவரும் இல்லை. சிறகின் மேல் காற்று எப்படி ஓடும் என்பதை அவ்வளவு கவனமாகக் கணக்கிடும் இந்த மென்பொருளில், கூரைக்குக் கீழே இருப்பவர் கணக்கில் வரவே இல்லை. அதைச் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. பறப்பதைக் காட்டத்தான் அது செய்யப்பட்டது. ஆனால் பறப்பைப் பற்றி அது சொல்வது உண்மையாக இருப்பதால், போரைப் பற்றி அது காட்டுவதும் முழு உண்மை என்று தொடங்குபவர் நம்பிவிடலாம். மீதி உண்மை எங்கள் வீட்டில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பழகுவதை நிறுத்தவில்லை. உம்மம்மாவும் நிறுத்தச் சொல்லவில்லை. "படிக்கிறதெண்டாப் படி, அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேக்கப்படாது" என்றார். அதனால் ஹெட்போன் போட்டுக்கொள்கிறேன். தரையில் குண்டு போடும் பயிற்சிகளை நான் திறப்பதில்லை. விமானத்துக்கு விமானம் சண்டையும், புயற்காற்றில் தரையிறங்குவதும் எனக்குப் போதும். இது என் முடிவு. மற்றவர் வேறுவிதமாக நினைக்கலாம். ஆனால் எதைத் திறக்கிறோம், ஏன் திறக்கிறோம் என்று ஒரு தடவையாவது யோசித்துவிட்டுத் திறப்பது நல்லது.

பழக விரும்பும் தங்கைக்குச் சில வார்த்தைகள். விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. பிடியை முறுக்கினால் சுக்கான் அசையும் ஒரு பாவித்த ஜோய்ஸ்டிக் போதும். முதல் ஒரு மாதம் துவக்கைத் தொடாதே. எழும்பு, திரும்பு, ஸ்டோலிலிருந்து மீள், இறங்கு. ஒரே விமானத்தைப் பிடித்துக்கொள். ஐஎல்-2 போன்றவற்றில் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. ஸ்டோலையும் இயந்திர முறுக்கத்தையும் முதல் நாளே முழுதாக வைத்துக்கொள், இல்லாவிட்டால் பிறகு இரண்டாம் தடவை பழக வேண்டிவரும். எதிரியாக ஒரேயொரு விமானத்தை, அதுவும் புதிய விமானி என்ற தரத்தில் வைத்துத் தொடங்கு.

பெற்றோருக்கும் ஒன்று. எங்கள் வீட்டில் வாப்பாவுடன் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம். மஃரிப் பாங்கு சொல்லும்போது விமானம் தரையில் இருக்க வேண்டும். இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து ஓட்டுவதில்லை. கணினி இருப்பது எல்லோரும் நடமாடும் மண்டபத்தில். இப்படி ஓர் எல்லை இருந்தால் இதனால் படிப்புக் கெடாது. எனக்கு விசைகள் பற்றிய பாடம் விளங்கியதே இதனால்தான்.

விமானப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. இன்ஷா அல்லாஹ், பெறுபேறு அதைத் தீர்மானிக்கட்டும். போன சனிக்கிழமை உம்மம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். சண்டை வேண்டாம், இறங்குவதைக் காட்டு என்றார். வேகத்தைக் குறைத்து, சில்லுகளை இறக்கி, ஓடுதளத்தின் தொடக்கத்தைக் கண்ணாடியின் நடுவில் வைத்து இறக்கினேன். இரண்டு தடவை துள்ளிவிட்டு நின்றது. "இன்னும் கொஞ்சம் பழகோணும்" என்றார்.