பனியன் துணியிலிருந்து தொடங்குவது

திருப்பூரில் துணியை மீட்டரில் பேச மாட்டார்கள், கிலோதான். நெசவுத் துணியில் பழகிவிட்டு வரும் டிசைனர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கை. ஜிஎஸ்எம் என்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜிஎஸ்எம் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் வெட்டுப்பட்டு வரும். தராசில் அது 1.60 கிராம் காட்டினால் துணி 160 ஜிஎஸ்எம். கோடைக்கால டி-ஷர்ட்டுக்கு அது சரி. அதே படத்தை 220-இல் தைத்தால் தோள் நிமிர்ந்து நிற்கும், உடம்பை விட்டு விலகி விழும், விலையும் ஏறும். காகிதத்தில் இரண்டும் ஒரே டி-ஷர்ட்.

வெட்டிய சிங்கிள் ஜெர்சி கையிலேயே சுருளும். பக்கவாட்டு ஓரங்கள் துணியின் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். இன்டர்லாக் சுருளாது. ஓரத்தை மடித்துத் தைக்காமல் அப்படியே விடும் டிசைன்களை வரைகிறவர்கள் இதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

*

கோடு போட்ட டி-ஷர்ட் எளிதான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வட்ட நிட்டிங் மிஷினில் நூல் உள்ளே போகும் ஒவ்வொரு இடமும் ஒரு ஃபீடர். 24 இஞ்ச் டயா மிஷினில் பெரும்பாலும் 72 ஃபீடர் இருக்கும். ஒரு சுற்றுக்கு 72 வரிசை. அடுத்த சுற்றில் அதே நிறங்கள் அதே வரிசையில் திரும்பி வரும். சென்டிமீட்டருக்கு 20 வரிசை என்று வைத்துக்கொண்டால் 3.6 செ.மீ.க்குள் கோட்டின் கணக்கு முடிந்துவிட வேண்டும். நெஞ்சில் ஒரே ஒரு அகலக் கோடு, மற்றதெல்லாம் வெள்ளை என்று வரைந்தால் அது ஆட்டோ ஸ்ட்ரைப்பர் மிஷினுக்குப் போகும். அது மெதுவாக ஓடும், பின்னல் கூலியும் கூடும். பென்சிலை எடுப்பதற்கு முன் நிட்டிங்காரரிடம் போய் ஃபீடர் எத்தனை என்று கேட்கிற டிசைனரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

*

இத்தாலிய டிசைனர்களான மிசோனி தம்பதியைப் பற்றி டிசைன் படிக்கும் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிறேன். ஒத்தாவியோ மிசோனி தடகள வீரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடியவர். இத்தாலிய அணி போட்டிருந்த டிராக் சூட்டே அவரும் நண்பரும் நடத்திய பட்டறையில் செய்தது. மனைவி ரோசிட்டாவின் குடும்பத்துக்குச் சால்வைத் தொழில். 1953-இல் கல்யாணமாகி, கல்லராத்தே ஊரில் சிறிதாக ஒரு பின்னல் பட்டறை போட்டார்கள். இருந்த மிஷின்களில் கோடுதான் வரும் என்பதால் கோட்டிலேயே வண்ணங்களை அடுக்கினார்கள். பின்னர் சால்வை பின்னும் ராஷெல் மிஷினை உடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் மிசோனி என்று சொல்ல வைக்கும் அந்த ஜிக்ஜாக் அதில்தான் பிறந்தது. மிஷினோடு உட்கார்ந்து கண்டுபிடித்த டிசைன் அது.

*

சாம்பிள் அறையில் காதில் விழுந்தது:

“அம்மிணி, இந்தக் கழுத்து தலைக்குள்ள போகாது.”

“ஏனுங்க மாஸ்டர்? ஸ்பெக்ல இருக்கற அளவுதானுங்க இது.”

“ஸ்பெக்ல துணி சும்மா கெடக்கற அளவு இருக்குது. இழுத்தா எவ்வளவு வருதுன்னு பாரு.”

மூன்று வயதுக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 செ.மீ. கழுத்து அழகாக ஒட்டி நிற்க வேண்டும், இழுத்தால் அதற்கு மேலும் விரிய வேண்டும், திரும்பப் பழைய இடத்துக்கே வந்துவிடவும் வேண்டும். நெக் ரிப்பில் லைக்ரா சேர்ப்பதா, தோளில் பட்டன் வைத்துத் திறப்பதா? அந்தப் பெண் டேப்பை எடுத்து, ரிப்பை இரண்டு கையாலும் இழுத்து, மூன்று தடவை அளந்தாள். டிசைன் கற்றுக்கொள்வது எனக்குத் தெரிந்து இப்படித்தான் நடக்கிறது.

*

1916 வாக்கில் கோகோ ஷனேல், ரோடியே என்ற உற்பத்தியாளரிடமிருந்து ஜெர்சி துணி வாங்கிப் பெண்களுக்கு உடுப்பு தைத்தார். அதுவரை அது பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைத் துணி. திருப்பூரும் உள்ளே போடும் வெள்ளைப் பனியனில் தொடங்கி, பிறகுதான் வண்ண டி-ஷர்ட்டுக்கு வந்த ஊர். ‘வெறும் பனியன் துணிதானே’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. உடம்போடு நீளும் துணி அது. நாள் முழுக்க, வீட்டிலும் வெளியிலும், மக்கள் விரும்பி உடுத்துகிற துணி.

*

படித்து முடித்து வருபவர்களுக்கு இங்கே வேலை பெரும்பாலும் மெர்ச்சன்டைசிங்கில்தான் தொடங்கும். பையரின் டெக் பேக்கைப் படிப்பது, லேப் டிப் எனும் நிற மாதிரிக்கு அப்ரூவல் வாங்குவது, ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிபி சாம்பிள் என்று ஒவ்வொன்றாக நகர்த்துவது. டிசைனராக வந்துவிட்டு மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோமே என்று பலர் மனம் வாடுகிறார்கள். அந்த வாட்டம் நியாயமானது. ஆனால் ஒரு நிறம் ஏன் மூன்றாவது தடவையும் திரும்பி வருகிறது, துவைத்தபின் பக்கத் தையல் ஏன் முன்பக்கம் முறுக்கிக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் அந்த நாற்காலியில் இருந்தால்தான் பிடிபடும். 2005-இல் ஏற்றுமதிக் கோட்டா முறை போனபிறகு, தைத்துக் கொடுக்க மட்டும் தெரிந்திருந்தால் போதாது என்று ஆயிற்று. சொந்தமாக கலெக்‌ஷன் போட்டுப் பையர் முன்னால் வைக்கும் கம்பெனிகளுக்கு, துணியிலிருந்து யோசிக்கத் தெரிந்த ஆள் தேவை.

இங்கே ஒருவர் உருவாக்கிய கழுத்து வடிவம் ஐரோப்பியக் கடையில் வேறு பெயர் தாங்கித் தொங்குகிறது. இது எனக்கு உறுத்தல்தான். சாம்பிள் டேக்கிலாவது செய்தவர் பெயரைக் கம்பெனிகள் எழுதி வைக்கலாம்.

*

நிறத்தைத் தேர்வு செய்வதும் டிசைனரின் வேலைதான். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். அந்த உப்புநீர்தான் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் முறைக்குப் பட்டறைகள் மாறின. அந்தச் சுத்திகரிப்பில் ஆவியாக்கி உப்பைப் பிரிப்பதற்குத்தான் பெரும் செலவு.

அதனால் சீசன் கலர் கார்டு போடும்போதே ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: இந்தக் கருநீலம் எல்லா ஸ்டைலுக்கும் வேண்டுமா? இரண்டு ஸ்டைலையாவது கிரே மெலாஞ்சுக்கு மாற்றலாமா? மெலாஞ்ச் நூலில் பஞ்சிலேயே நிறம் கலந்து வந்துவிடும். பின்னி, துவைத்து, காம்பாக்டிங் முடித்தால் துணி கட்டிங்குக்குப் போய்விடும்.