மூன்று ரூபாய் வித்தியாசம்

போன தை மாதம் உறையூர் வீட்டைக் காலி செய்தோம். மகளின் பழைய பீரோவைத் தூக்க வந்த பையன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், உள்ள என்னவோ ஒட்டியிருக்கு. கிழிச்சிடவா?" என்றான். கால் சார்ட் அளவில் ஒரு தாள். செலோடேப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஐந்து தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில், அடியில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர்கள். கையெழுத்து என்னுடையது. தலைப்பில் மகளின் பெயரை எழுதி, அடிக்கோடு போட்டு, தேதியும் குறித்திருந்தேன். வங்கிக்காரன் தேதி போடாமல் எதையும் விடமாட்டான்.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. அவளுடைய ஆளுமையை நான் படமாக வரைந்து, தினமும் துணி எடுக்கும்போது கண்ணில் படும்படி ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய அன்று, எந்த அப்பா இப்படியெல்லாம் செய்வான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வங்கியில் முப்பத்தொரு வருடம். நடுவில் எட்டு வருடம் இன்ஸ்பெக்ஷன். கடைசிப் பதினோரு வருடம் ஊழியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுத்தேன். கவுன்ட்டரில் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதற்காக 'ட்ரான்ஸாக்ஷனல் அனாலிஸிஸ்' என்ற மனோதத்துவ முறையை நாங்கள் நடத்துவோம். சுருக்கமாக டி.ஏ. பஞ்சப்படிக் கணக்கு சொல்லித்தருகிறார்கள் என்று நினைத்து ஆர்வமாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்த கிளார்க்குகள் உண்டு.

கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வட்டம் போடுவேன். மேலே பெற்றோர், நடுவில் பெரியவர், கீழே குழந்தை. மூன்றும் ஒரே ஆளுக்குள் இருப்பவை. "என்னய்யா, ஒரு டிடி எடுக்க ஒரு மணி நேரமா?" என்று வாடிக்கையாளர் அதட்டினால், அது அவருக்குள் இருக்கும் பெற்றோர் உங்களுக்குள் இருக்கும் குழந்தையை அதட்டுவது. "நான் என்ன சார் பண்றது, மேனேஜர் கையெழுத்துப் போடல" என்று நீங்கள் முனகினால் கோடு நேராகப் போய் நேராகத் திரும்பும். சண்டை இன்னும் அரைமணி நேரம் ஓடும். "இன்னும் பத்து நிமிஷம் ஆகும் சார், டோக்கன் கொடுங்க, நானே கூப்பிடறேன்" என்றால் நடு வட்டம் பேசுகிறது. வகுப்பு சிரிக்கும், கைதட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில்கூட யாரும் தூங்கியதில்லை.

இந்த மூன்று வட்டங்களையும் கண்டவர் எரிக் பெர்ன். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்த மனநல மருத்துவர். 1956-இல் சான் பிரான்சிஸ்கோ உளப்பகுப்பாய்வாளர் சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தார். இன்னும் பயிற்சி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் தன் முறையைத் தனியாக எழுதி வெளியிட்டார். அவரிடம் வந்த ஒரு வழக்கறிஞரின் கதையை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்வேன். எட்டு வயதில் விடுமுறைக்குப் பண்ணைக்குப் போன பையன் மாட்டுக்காரன் வேஷத்தில் நிற்கிறான். குதிரைச் சேணத்தைக் கழற்ற உதவியதற்காகப் பண்ணையாள் அவனை மாட்டுக்காரரே என்று அழைத்து நன்றி சொல்கிறான். நான் நிஜ மாட்டுக்காரன் இல்லை, சின்னப் பையன்தான் என்கிறது பிள்ளை. இதைச் சொல்லிவிட்டு அந்த வழக்கறிஞர், இன்றும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது, நான் நிஜ வக்கீல் இல்லை என்றாராம். கோட்டுப் போட்ட ஆளுக்குள் எட்டு வயதுப் பையன் உட்கார்ந்திருப்பதைப் பெர்ன் அங்கே பார்த்தார். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். பயிற்சிக்கு வந்தவர்கள் மதிப்பெண் தாளில் 'உணர்ச்சிபூர்வமான ஆசிரியர்' என்று எழுதுவார்கள்.

வீட்டுக்கு வருகிறேன். 2003. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் முதல் வருடம். மெஸ் பில் போக மாதம் 1,200 ரூபாய் கைச்செலவுக்கு அனுப்புவேன்; அவள் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தீபாவளிக்கு வந்தவளைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தேன். அடுப்படியில் அதிரசம் வெந்துகொண்டிருந்தது. என் கையில் கால்குலேட்டர்.

"அக்டோபர்ல ஆயிரத்து இருநூறு அனுப்பினேன். எழுதியிருக்கிறது எண்ணூத்து அறுபது. கையில எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப முன்னூத்து நாப்பது?"

"ஞாபகம் இல்லப்பா."

"நான் திட்டலம்மா. ஃபேக்ட் மட்டும்தான் கேக்கறேன். முதல் வாரத்துலேருந்து வருவோம். மூணாம் தேதி எங்க போனே?"

ஒரு மணி நேரம். குரலை ஒரு முறைகூட உயர்த்தவில்லை. மனைவி கரண்டியோடு வந்து, "நல்ல நாள் அதுவுமா முன்னூறு ரூவாய்க்குப் புள்ளைய இப்படி உக்கார வெச்சுக் கேக்கணுமா?" என்றாள். "நீ நடுவுல ரெஸ்க்யூவரா வராதே" என்றேன். பெர்னிடம் பயின்ற ஸ்டீஃபன் கார்ப்மன் 1968-இல் ஒரு முக்கோணம் வரைந்தார்: பாதிக்கப்பட்டவர், காப்பாற்ற வருபவர், வாட்டுபவர். முதல் இரண்டு மூலைகளிலும் என் வீட்டுப் பெண்களை உட்காரவைத்துவிட்டேன். மூன்றாவது மூலையில் யார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

மகள் அழ ஆரம்பித்தாள். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அழறது உன்னோட சைல்ட். அடல்ட்டா பேசு."

அந்த 340 ரூபாய் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. வங்கியாக இருந்தால் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம்.

இதைவிட வெட்கமான ஒன்று உண்டு. அந்த ஒரு மணி நேரமும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இன்ஸ்பெக்ஷனில் ஒரு கிளையின் வவுச்சர் கட்டைப் புரட்டும்போது பொருந்தாத ஒன்று கைக்கு அகப்பட்டால் வரும் அதே இனிப்பு. பெர்ன் 1964-இல் எழுதிய 'கேம்ஸ் பீப்பிள் ப்ளே' நூலில் இந்த ஆட்டத்துக்குப் பெயரே இருக்கிறது. அவர் வைத்த பெயரில் கெட்டவார்த்தை வரும். நம் ஊர்க் கணக்கில் 'மாட்டினியா மகனே'. அதில் ஒரு குழாய்க்காரர் வருவார். சுமார் 400 டாலர் வேலை. பேசியதற்கு மேல் ஒரு வால்வுக்காக 4 டாலர் பில்லில் சேர்த்துவிடுகிறார். வீட்டுக்காரர் அந்த 4 டாலரைப் பிடித்துக்கொண்டு குதிகுதியென்று குதிக்கிறார். அவருக்குப் பணம் பெரிதில்லை; பல வருடமாகத் தேக்கிவைத்த கோபத்தைக் கொட்ட நியாயமான ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுதான். இந்தக் கதையையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். குழாய்க்காரரைப் போல நடித்தும் காட்டியிருக்கிறேன்.

என் அப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. கடைக்கு அனுப்பிய எட்டணாவில் ஓரணா குறைந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். அவர் மாதிரி ஒருநாளும் கத்தமாட்டேன் என்று எட்டாம் வகுப்பில் சபதம் எடுத்தேன், காப்பாற்றியும் விட்டேன். குரலைத்தான் மாற்றினேன், கேள்வி அவருடையதேதான்.

ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க பெர்ன் நான்கு வழி சொல்கிறார். சொல், தொனி, முகம், கை எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது ஒன்று. எதிராளி என்ன ஆகிறார் என்று பார்ப்பது இன்னொன்று. இந்தத் தொனி முன்பு யாருடையது என்று பழைய கதையைக் கேட்பது மூன்றாவது. அந்தப் பழைய நேரத்தை உள்ளே மறுபடி வாழ்ந்து உணர்வது நான்காவது. நான் முதலாவதிலும் பாதியை மட்டும் பார்த்தேன்: சொல் சுத்தம், எண்கள் சரி, சத்தம் இல்லை, ஆகவே நான் நடு வட்டம். இரண்டாவது வழியை ஒரு தடவை உபயோகித்திருந்தால் போதும். நான் 'அடல்ட்டாக' வாய் திறக்கும்போதெல்லாம் எதிரில் இருந்தவள் ஆறு வயதுப் பிள்ளையாகச் சுருங்கினாள். மேல் வட்டம் நடு வட்டத்துக்குள் கசிந்து, தீர்ப்பையே தகவல் என்று நினைத்துக்கொள்வதை டி.ஏ.யில் கலப்படம் என்பார்கள். இரண்டு வட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, நடுவில் மஞ்சள் சாக்பீஸால் தேய்த்துக் காட்டுவேன். விரலெல்லாம் மஞ்சளாக இருக்கும்.

'அடல்ட்' என்பதற்கு நான் போட்ட தமிழிலேயே இந்தக் கலப்படம் இருக்கிறது. பெரியவர் என்றால் நம் ஊரில் யார்? நாற்காலியில் அவர் உட்கார, மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். பெர்ன் சொல்லும் நடு வட்டத்துக்கு வயதும் மரியாதையும் பொருட்டே இல்லை. கையில் இருக்கும் தகவலை வைத்து இந்த நிமிடத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கிற பகுதி, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் அது உண்டு. நான் பதினோரு வருடம் மேல் வட்டத்தின் பெயரையே நடு வட்டத்திலும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கிளார்க்கும் எழுந்து கேட்கவில்லை. நான் பெரியவர் அல்லவா?

பீரோ தாளுக்கு வருகிறேன். அதற்குப் பெயர் ஈகோகிராம். பெர்னோடு வேலை செய்த ஜாக் டூசே 1972-இல் எழுதிய முறை. கண்டிக்கும் பெற்றோர், அரவணைக்கும் பெற்றோர், பெரியவர், இயல்பான குழந்தை, அடங்கிய குழந்தை என ஐந்து தூண். ஒரு ஆளிடம் எது மிக ஓங்கியிருக்கிறது என்று தோன்றுகிறதோ அதை முதலில் வரைய வேண்டும், பிறகு மிகக் குட்டையானதை, மற்றவற்றை இவற்றுக்கு ஒப்பிட்டு. மொத்தச் சக்தி மாறாது, ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும் என்பார் டூசே. பற்று வரவு பார்த்தவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா! அளவுகோல் எதுவும் இல்லாமல் ஊகத்தில் போடும் படம் இது. நான் எக்ஸ்ரே மாதிரி நீட்டினேன்.

மகளின் படத்தில் கடைசித் தூண்தான் உயரம். நான்காவது, சுண்டுவிரல் உயரம். ஓங்கியதை வெட்டாதே, குட்டையானதை வளர்த்துவிடு, மற்றது தானாக இறங்கும் என்பது டூசேயின் யோசனை. அதன்படி நான்காவதன் பக்கத்தில் சிவப்பில் அம்பு போட்டு எழுதியிருந்தேன்: 'இதை உயர்த்தவும்'. இயல்பாக இரு என்று ஒரு பிள்ளைக்கு எழுத்துமூலம் உத்தரவு. அடங்கிய தூணை அவ்வளவு உயரத்துக்குக் கட்டிய கொத்தனார் யார் என்று படத்தில் எங்கேயும் இல்லை.

தாளை உரித்துவிட்டு பீரோவின் அடி இழுப்பறையைக் காலி செய்யும்போது, எங்கள் வங்கியின் 2004-ஆம் வருட டைரி கிடைத்தது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு கணக்கு எழுத நான் கொடுத்தது. இடப்பக்கம் மேலே 'அப்பாவுக்கு', வலப்பக்கம் 'எனக்கு' என்று எழுதியிருந்தாள். இடப்பக்கம்: ஜெராக்ஸ் 85, ரெக்கார்டு நோட்டு 120, சோப்பு, பஸ். வலப்பக்கம்: கம்மல் 60, சினிமா 40, பானிபூரி, ரூம்மேட் பிறந்தநாள் கேக் பங்கு 50. மாதாமாதம், வருடம் முழுக்க. இடப்பக்கம் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு சின்ன வித்தியாசம், பக்கத்தில் கேள்விக்குறி. மூன்று ரூபாய், இரண்டு ரூபாய், நாலு ரூபாய். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மூணு ரூபா மட்டும் தெரியலப்பா" என்பாள். "அதனால என்னம்மா, பரவால்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்வேன். மார்ச் மாதப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு: 'கரெக்டா வந்தா நம்பமாட்டார். 3 போதும்.'

எட்டு வருடம் இன்ஸ்பெக்ஷன் செய்தவன் நான். பைசா பிசகாமல் டாலி ஆகும் சில்லறைக் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அதை அவளிடம் எப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் பெருமை அடித்திருப்பேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவள் என்னை முழுசாகப் படித்து, எனக்குப் பிடித்த அளவில் குறையும் வைத்துத் தந்திருக்கிறாள். அந்த வீட்டில் நடு வட்டம் ஒன்று வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

டைரியைக் காட்டாமல் வைத்துக்கொண்டு சில நாள் சமாதானம் தேடினேன். பெர்னுக்கே மூன்று திருமணம், மூன்றும் விவாகரத்து, நான் எம்மாத்திரம் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்குமேல் அது தாங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றாள். எது தெரியும், எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். தேதி கேட்டிருப்பேன்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் வைத்திருந்ததைப் படித்துவிட்டேன் என்பதே இன்னொரு இன்ஸ்பெக்ஷன். டைரி என் பீரோவில் இருக்கிறது, பாஸ்புக்குகளுக்கு அடியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். போன வாரம் மிக்சி வாங்கியிருப்பதாகச் சொன்னாள். "அப்படியா, நல்லா அரைக்குதா?" என்று கேட்டிருக்கலாம். "என்ன விலை?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சில்லை. பிறகு ஒரு விலை சொன்னாள்.

"பில்லைப் பத்திரமா வெச்சுக்கோம்மா" என்றேன். வாரன்ட்டிக்குத்தான்.