சிறுவாட்டுப் பணம் கவுண்டருக்கு வந்த நாட்கள்

கடுகு டப்பாவில் கிடந்த பணத்துக்கும் அரிசிப் பானையில் கிடந்த பணத்துக்கும் வாசனையில் வித்தியாசம் உண்டு. வட சென்னையில், வியாசர்பாடியை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில் நான் காசாளராக இருந்தேன். 2016 நவம்பர், டிசம்பரில் எங்கள் பகுதிப் பெண்கள் ஒளித்து வைத்திருந்த பணத்தில் பெரும் பங்கு என் கை வழியாகத்தான் போயிற்று. மஞ்சள்தூள் ஒட்டியவை, பாச்சை உருண்டை வாசம் அடித்தவை, எட்டாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியதில் மடிப்போரம் வெளுத்தவை.

நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவோடு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்றார். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு தாள்கள்தான். மறுநாள் வங்கிகளுக்கு விடுமுறை. 10ஆம் தேதி காலை ஷட்டரைத் தூக்கியபோது வரிசை தெருமுனை திரும்பி அடுத்த தெருவுக்குள் போயிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அடையாள அட்டை நகல் எடுக்க இன்னொரு கூட்டம்.

உள்ளே இரண்டு வரிசை. ஒன்று பணத்தைக் கணக்கில் கட்ட, இன்னொன்று பழைய நோட்டைக் கொடுத்துப் புதியதாக மாற்றிக்கொள்ள. மாற்ற ஆளுக்கு 4,000 ரூபாய் வரைதான். கணக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். கட்டும் வரிசை சீக்கிரம் நகர்ந்தது. ஆனாலும் பெண்கள் அந்தப் பக்கம் போகவில்லை. வெயிலில் மணிக்கணக்காக மாற்றும் வரிசையிலேயே நின்றார்கள். "கணக்கு இருக்கே, கட்டிட வேண்டியதுதானே?" என்று மேலாளர் அலுத்துக்கொண்டார். காரணத்தை என்னிடம் சொன்னது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண். கண்ணாடித் துவாரத்தில் வாயை வைத்துக் கேட்டார்: "கட்னா எங்க வூட்டுக்காரர் போனுக்கு மெசேஜ் போவுமா மேடம்?"

போகும். 2014இல் ஜன்தன் திட்டத்தில் முகாம் போட்டுக் கணக்கு திறந்தபோது, விண்ணப்பத்தில் மொபைல் எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. வீட்டில் ஒரு போன்தான், அதுவும் கணவரிடம். அந்த எண்ணை எழுதினார்கள். கணக்கு அவள் பெயரில், தகவல் அவருக்கு. இரண்டு வருடம் அந்தக் கணக்குகளில் பெரிதாக எதுவும் நடக்காததால் இது யாருக்கும் உறைக்கவில்லை.

மாற்றிக்கொண்டால் எந்தப் போனும் ஒலிக்காது. படிவம் எழுதி, நகலை இணைத்து, நோட்டைக் கொடுத்துவிட்டு நோட்டோடு வெளியே போய்விடலாம். அதற்காகத்தான் நின்றார்கள்.

சிறுவாடு என்பது சும்மா சேர்ந்த பணமில்லை. காய்கறியில் மிச்சம் பிடித்தது, வேலை பார்க்கும் வீட்டில் தீபாவளிக்குக் கொடுத்தது, சீட்டு எடுத்ததில் ஒதுக்கியது. பத்தும் இருபதுமாகச் சேர்ந்தால் டப்பா நிரம்பிவிடும், கண்ணில் பட்டுவிடும். அதனால் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கொடுத்து ஐந்நூறாக மாற்றி வைப்பார்கள். சின்ன இடத்தில் பெரிய தொகை அடங்க வேண்டும் என்று கருப்புப் பணக்காரர் நினைத்த அதே காரணம்தான், தொகைதான் வேறு. மகளின் வளைகாப்பு, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, குடித்துவிட்டு வரும் மனிதனின் கைக்கு எட்டாத வாடகை, எல்லாம் அந்த டப்பாவுக்குள் இருந்தது.

பாத்திரம் தேய்க்கும் அந்தப் பெண் கொண்டுவந்தது ஒரு பால் பவுடர் டப்பா. நோட்டுகளைப் பீடிக்கட்டு போல் இறுகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். சுருண்ட நோட்டை எண்ணும் இயந்திரம் எடுக்காது. ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி, தலைகீழாக மடித்து நிமிர்த்தி, பிறகு எண்ணினேன். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். மொத்தம் 23,500. "எட்டு வருசம் மேடம்" என்றார். அன்று நாலாயிரம் மாற்றிக்கொண்டு மீதியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டு எடுத்துப் போனார்.

வழி அடைபட்டது சீக்கிரமே. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், கருப்புப் பணக்காரர்கள் கூலிக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று சொல்லி, 15ஆம் தேதி விரலில் மை வைக்கும் உத்தரவு வந்தது. வலதுகை ஆள்காட்டி விரலில். கூலிக்கு வந்தவர்கள் இருந்திருக்கலாம். எங்கள் வரிசையிலும் சிலர் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் நான் பார்த்த வரை, திரும்பத் திரும்ப வந்த முகங்களில் அதிகம் இந்தப் பெண்கள்தான். 18ஆம் தேதி முதல் மாற்றும் வரம்பை 2,000 ஆகக் குறைத்தார்கள். 24ஆம் தேதி நள்ளிரவோடு வங்கிகளில் மாற்றுவதே நின்றது. இனி எங்கள் கிளையில் கணக்கில் கட்டுவது ஒன்றே வழி.

நவம்பர் கடைசியில் அந்தப் பால் பவுடர் டப்பாப் பெண் மீதியைக் கட்டினார். சில நாள் கழித்துக் கணவரோடு வந்தார். பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டார். கணவர் எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். விதிப்படி எல்லாம் சரி. கணக்குதாரர் நேரில் நிற்கிறார், கையெழுத்து ஒத்துப்போகிறது. அந்தப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்த என்னிடம் எந்த விதியும் இல்லை. இன்றுவரை அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கிளைக்குப் பணம் வருவதே பெரும்பாடாக இருந்தது. கரன்சி செஸ்டிலிருந்து சில நாள் மதியத்துக்கு மேல்தான் வண்டி வரும். வந்தாலும் இளஞ்சிவப்பு 2,000 தாள்கள்தான். புதிய 500 எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க நாளானது. 2,000 தாளின் அளவு வேறு என்பதால் ஏடிஎம் இயந்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தட்டுகளைத் திருத்த வேண்டியிருந்தது. நைந்துபோனதென்று திருப்பி அனுப்ப ஒதுக்கிய நூறு ரூபாய்க் கட்டுகளை எடுத்து மறுபடி வெளியே கொடுத்தோம்.

டிசம்பர் 5 இரவு முதல்வர் ஜெயலலிதா காலமானார். ஒரு வாரத்தில், 12ஆம் தேதி, வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மரங்கள் விழுந்து, மின்சாரம் போய், ஏடிஎம், கார்டு இயந்திரம், செல்போன் டவர் எல்லாம் படுத்துவிட்டன. ரொக்கம் இல்லாமல் வாழப் பழகுங்கள் என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டிருந்த மாதம் அது. எங்கள் தெரு பிழைத்தது அண்ணாச்சியின் நீளக் கணக்கு நோட்டால். பால், மெழுகுவத்தி, தண்ணீர் கேன், எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டு கொடுத்தார்.

2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை வந்தது. செல்லாதென்று அறிவித்த 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்பிவிட்டது, அதாவது 99.3 சதவீதம். கருப்புப் பணம் வராமலே அழிந்துபோகும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததாகப் பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். நான் அந்த எண்ணை வேறு விதமாகப் படித்தேன். ஒளித்து வைத்த பணம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எவருடைய கண்ணில் படக் கூடாதென்று ஒளித்தார்களோ அவர்கள் கண்ணிலும் பட்டுவிட்டது.

போனிலேயே பணம் செலுத்தும் யுபிஐ 2016 ஏப்ரலிலேயே தொடங்கிய ஏற்பாடு. சீண்டுவாரில்லாமல் கிடந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. நல்ல வசதிதான். சில்லறைச் சண்டை ஒழிந்தது, ஊருக்குப் பணம் அனுப்ப ஓட வேண்டியதில்லை, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் வங்கியில் பதிவான எண்ணின் சிம் எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போனில்தான் யுபிஐ திறக்கும். ஜன்தன் கட்டத்தில் கணவர் எண்ணை எழுதிய பெண்ணின் கணக்கு, கணவர் கையில்தான் திறக்கும்.

எண்ணை மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். வங்கியில் ஒரு படிவம் போதும். ஆதாருக்கும் பழைய எண்தான் என்றால் அதன் ஓடிபியும் கணவருக்கே போகும். அதை மாற்றப் பெரும்பாலும் மையத்துக்கு நேரில் போய் விரல் ரேகை வைக்க வேண்டும். அரைநாள் கூலி போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணை ஏன் மாற்றினாய் என்று வீட்டில் கேட்பார்கள்.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசு மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாயை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் போடத் தொடங்கியது. பணம் ஏறிய அன்றே ஏடிஎம்மில் எடுத்துவிடும் பெண்கள் எங்கள் தெருவில் பலர். 'சேமிக்கும் பழக்கம் இல்லை' என்று படித்தவர்கள் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எடுப்பதுதான் அவர்களுடைய சேமிப்பு. கணக்கில் கிடந்தால் வேறொருவர் இருப்புப் பார்ப்பார். டப்பாவில் கிடந்தால் பார்க்க மாட்டார்.

ஓய்வு பெற்றபின்னும் இந்த எண் மாற்றும் வேலையை நான் விடவில்லை. கேட்டு வருகிற பெண்களுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கிறேன், ஆதார் மையத்துக்குக் கூடப் போகிறேன். புதிதாகக் கணக்கு திறக்கிற பெண்ணிடம் 'இது உங்கள் போனா?' என்று ஊழியர் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று பழைய கிளையில் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வருகிறேன்.

எங்கள் கோயில் வாசலில் பூ கட்டி விற்கும் அம்மா தராசுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார். அது மூத்த மகன் கணக்கு. முழம் முழமாக விற்பது அவர், பணம் ஏறுவது மகன் போனில். நூல் வாங்கவும் மகனிடம்தான் கேட்கிறார். சொந்தமாக ஒரு பட்டன் போனும் சிம்மும் வாங்கிவிட்டார். வங்கிக்குப் போகலாமா என்றேன். "பெரியவன் கோச்சிப்பான் மேடம், தை பொறக்கட்டும்" என்றிருக்கிறார்.