பெருச்சாளியும் பக்கத்துத் தோட்டத்துக் கூகையும்

ஜோர்ஜ்டவுனில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் எனக்கு எலி என்றால் குப்பைத் தொட்டி ஓரமாக ஓடி மறையும் ஒரு நிழல், அவ்வளவுதான். நிபோங் திபாலுக்கு வெளியே அரை ஏக்கர் நிலத்தில் வாழும் என் அப்பாவுக்கு அது வரவு செலவுக் கணக்கு. வாழைக் கன்றின் அடியைக் கடித்துச் சாய்த்தால் ஒரு தார் போச்சு. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்றால் அந்தப் பாத்தி போச்சு. கோழிக் கொட்டகைக்குள் புகுந்தால் குஞ்சுகள் போச்சு.

அப்பா 30 வருஷத்துக்கு மேல் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். சேமநிதிப் பணத்தில் வாங்கிய நிலம் இது. மூன்று தலைமுறையாக அடுத்தவர் மண்ணில் உழைத்த குடும்பத்துக்கு முதன்முதலில் சொந்தமாக வந்த மண். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டாவது பாலத்தைக் கடந்து அங்கே போகும்போது, "நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள்" என்று நான் சொல்வதே இல்லை. போன வருஷக் கடைசி மழையில் அவரே அந்தப் பேச்சை எடுத்தார். வேலியோரமாக 11 வளைகளை எண்ணி வைத்திருந்தார்.

"இதுங்களோட மல்லுக்கட்ட எனக்கு இனிமே தெம்பு இல்ல தம்பி. வித்துட்டு உங்களோட வந்துடட்டுமா?" என்றார். அந்தக் குரல்தான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது.

முதலில் வளைகளைப் பார்த்தோம். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஏழு சிறியவை, வாசல் வழவழப்பாக இருந்தன. அவை வயல் எலியும் தோட்டத்து எலியும் போட்டவை. மற்ற நான்கின் வாசலிலும் புது மண் குவியலாகக் கிடந்தது. அது பெருச்சாளியின் வேலை. மலாய்க்காரர்கள் அதை 'திக்குஸ் வீரோக்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குள்ள 'பேண்டிகூட்' என்ற பெயர், 'பன்றி எலி' என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து போனது. அதன் சிறிய இனம் ஒன்று மனிதர்களோடு சேர்ந்து இந்தியப் பக்கமிருந்து வந்து பினாங்குத் தீவில் குடியேறியது. நம் முன்னோர்கள் ஏறி வந்த கப்பல்களில் அதுவும் டிக்கெட் இல்லாமல் வந்திருக்கும் போல!

அப்பா ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நீல நிற எலி மருந்துக் கட்டிகள் நான்கு பாக்கெட், சாமான் அறையில் தயாராக இருந்தன. அந்த மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் வந்தார். ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் மலாய்ப் பெரியவர். அப்பாவுக்கு அபாங், எனக்குப் பாக்சிக். அவர் தோட்டத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் கூகை ஜோடி குடியிருந்தது, குஞ்சும் பொரித்திருந்தது.

"உங்கள் பக்கம் மருந்து தின்ற எலி என் பக்கம்தான் ஓடி வரும். அதை என் பறவைகள் தின்னும்" என்றார் மலாயில். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அவர் சொன்னது உண்மை. இப்போது கடைகளில் கிடைக்கும் எலி மருந்துகளில் பல, இரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது. சாகச் சில நாட்கள் ஆகும். அதனால்தான் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வருவதில்லை. அந்தச் சில நாட்களும் தள்ளாடித் திரியும் எலி, பூனைக்கும் நாய்க்கும் கூகைக்கும் சுலபமான இரை. புரோடிஃபாகும் போன்ற புதிய வகை மருந்துகள் ஈரலில் நெடுநாள் தங்கும். நம் நாட்டுத் தோட்டங்களில் பழைய வார்ஃபரினை விட்டு இத்தகைய வீரிய மருந்துக்கு மாறிய இடங்களில் கூகைகள் குறைந்துபோனதை 1980களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூகை சாதாரணப் பறவை இல்லை. ஒரு ஜோடியும் குஞ்சுகளுமாக வருஷத்துக்கு ஆயிரம் எலிகளுக்கு மேல் தின்னும் என்பது தோட்டத் துறையில் வழங்கும் கணக்கு. அதற்காகவே செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைக்கும் பழக்கம் பரவியது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், நகர்ப்புறத்திலேயே கூகைகளைக் கொண்டுவந்து விட்டு அவை எதைத் தின்கின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். மலாயில் அதன் பெயரே 'பூங்கோக் ஜெலாபாங்'. ஜெலாபாங் என்றால் நெற்களஞ்சியம்.

இத்தனையும் அம்மாவிடம் எடுபடவில்லை. "ஆந்தை கத்துற வீடு வெளங்குமா? அவரு தோட்டத்துல இருந்துட்டுப் போகட்டும். அதுக்காக நாம எலியோட குடும்பம் நடத்தணுமா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. எட்டு வயதுப் பேத்தி வெறுங்காலோடு ஓடியாடும் இடம் அது.

பாக்சிக் ஒன்று செய்தார். என் மகளைக் கூப்பிட்டு, கம்பத்தின் அடியில் கிடந்த கறுப்பு உருண்டைகளைக் காட்டினார். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தபோது மூன்று எலி மண்டையோடுகள் கிடைத்தன. மகள் அவற்றை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி ஆத்தாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். அம்மா முகத்தைச் சுளித்தார். ஆனால் அந்த வாரமே மருந்துப் பாக்கெட்டுகளைக் கடைக்குத் திருப்பி அனுப்பியதும் அவர்தான்.

பெரிய பெருச்சாளியைக் கூகை தூக்காது. அதை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பாவும் நானும் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதல் நாள் மாலை எல்லா வளைகளையும் மண்ணால் லேசாக மூடினோம். காலையில் திறந்திருந்தவை ஆறுதான். மற்ற ஐந்தும் காலி. அடுத்தது சாப்பாடு. கோழித் தீவனத்தை இரவில் வெளியே விடாமல் மூடியுள்ள தகர டின்னில் போட்டோம். உதிர்ந்த பழங்களைத் தினமும் பொறுக்கினோம். வேலியோரம் அடுக்கி வைத்திருந்த பழைய பலகைகளை அகற்றினோம். எலி பலகைக்கும் புல்லுக்கும் அடியில் மறைந்து ஓடும், வெட்டவெளியைக் கடக்க அஞ்சும். கொட்டகையைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை ஓர் அடி ஆழம் புதைத்து, அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக மடக்கி விட்டோம். சுவரோரமாகத் தோண்டி வரும் எலி அந்த மடிப்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

பிறகுதான் பொறி. தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் மூங்கிலை வளைத்துச் செய்யும் கிட்டியைப் பற்றித் தாத்தா சொன்னதை அப்பா நினைவுபடுத்தினார். நாங்கள் கடையில் வாங்கிய கூண்டையே வைத்தோம், சுட்ட கருவாட்டோடு. மூன்று வாரத்தில் ஐந்து பெருச்சாளிகள் சிக்கின. ஒருநாள் மூஞ்சூறு ஒன்று மாட்டியது. அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்று நமக்கு நல்லது செய்வது. பிள்ளையாரின் வாகனம் என்று அம்மா உடனே திறந்துவிடச் சொன்னார். இந்த முறை அறிவியலும் அம்மா கட்சி.

ஒரு எச்சரிக்கை. எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடம்புக்குள் போகும். வளைப் பக்கம் வேலை செய்யும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். எலிப் புழுக்கையை அப்படியே கூட்டாமல் குளோரோக்ஸ் கலந்த நீர் தெளித்துத் துடையுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி உள்ள இடத்தில் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். வளைக்குள் பாம்பு இருந்தால் கை வைக்காமல் பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே எலி மருந்து இருந்து, குழந்தையோ நாயோ தின்றுவிட்டால் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றக்கூடிய வகையா என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.

எலியைவிடப் பெரிய விருந்தாளிகள் வரும் நிலங்களும் உண்டு. பாலேக் பூலாவில் டுரியான் தோப்பு வைத்திருக்கும் என் மாமாவுக்குக் குரங்கும் காட்டுப்பன்றியும்தான் தலைவலி. அவருக்கு ஒருவர் சொன்ன யோசனை, வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது. மாமா மறுத்துவிட்டார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டுத் தர்மபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே இப்படிப் போட்ட கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. கம்பிக்கு யானையென்றும் பன்றியென்றும் மனிதனென்றும் பேதம் தெரியாது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குரங்கு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி எதையும் அனுமதியில்லாமல் கொல்லக் கூடாது. கண்ணி வைப்பதும் குற்றம். தொல்லை என்றால் பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுக்கலாம்.

குரங்கு விஷயத்திலும் ஓர் ஆச்சரியம் உண்டு. பேராக் மாநிலம் செகாரியில் செம்பனைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. பெரோக் எனப்படும் பன்றிவால் குரங்குகள் செம்பனைப் பழத்தைத் தின்பதால் வரும் நஷ்டம் மிகக் குறைவு, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு கூட்டம் வருஷத்துக்கு 3,000 எலிகளுக்கு மேல் பிடித்துத் தின்கிறது. மட்டைகளை உரித்து, பகலில் அங்கே ஒளிந்திருக்கும் எலியை இழுத்துப் போடுமாம். டுரியான் தோப்புக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, மாமாவின் நஷ்டம் நஷ்டம்தான். ஆனாலும் எதையும் விரட்டும் முன் அது என்ன தின்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது லாபம்.

போன சனிக்கிழமை எண்ணியபோது அப்பாவின் நிலத்தில் இரண்டு வளைகள் இருந்தன. எலி அடியோடு ஒழிந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் குட்டி போடும் ஜீவனோடு போட்டி போட முடியாது. ஆனால் வாரம் ஒருமுறை வேலியோரம் நடந்து பார்க்கும் வேலை, அப்பாவின் தெம்புக்குள் அடங்குகிற வேலை. நிலத்தை விற்கும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. மரவள்ளி இருந்த பாத்தியில் இப்போது இஞ்சி போட்டிருக்கிறார். நம் எல்லையிலும் ஒரு பெட்டி வைக்கலாமா என்று பாக்சிக்கிடம் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.