தர்பூசணியும் மீனும்

அன்புத் தம்பிக்கு,

நீ மொழிபெயர்த்து அனுப்பிய செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’ கதையைப் படித்துவிட்டேன். நடை நன்றாக ஓடுகிறது. யால்டா கடற்கரைப் பகுதியில் கை வைக்கவே வேண்டாம். தர்பூசணி வருகிற இடத்தில் ஒரு சொல்லை எடுத்துவிடச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

இனி உங்களுக்கு என்மேல் மதிப்பிருக்காது என்று கதைநாயகி அன்னா நொறுங்கி உட்கார்ந்திருக்கிறாள். மேஜைமேல் தர்பூசணி. அவள் காதலன் குரோவ் ஒரு துண்டு வெட்டி நிதானமாகச் சாப்பிடுகிறான். அரை மணி நேரம் பேச்சே இல்லை. செகாவ் எழுதியது அவ்வளவுதான். நீ ‘அலட்சியமாக’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறாய். குரோவ் மேல் தீர்ப்பை நீயே எழுதிவிட்டால் வாசகருக்கு என்ன வேலை? அவன் அலட்சியமாக இருக்கிறானா, பேச வழி தெரியாமல் வாய்க்கு வேலை கொடுக்கிறானா, இப்படிப்பட்ட அழுகைகளைப் பார்த்துப் பழகியவனா? அந்த அரை மணி நேரம் வாசகருடையது.

அங்கேயே இன்னொன்று. ரஷ்ய மூலத்தில் அவள் ‘நீங்கள்’ என்கிறாள். பதில் சொல்கிறவன் ‘நீ’க்கு மாறிவிடுகிறான். நீ வைத்திருப்பது 1917-இல் வந்த கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கிலம். அதில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழில் அந்த வித்தியாசம் அப்படியே கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்? இருவரையும் ‘நீங்கள்’ போட வைத்திருக்கிறாய். மாற்றிவிடு.

எனக்கு மனசு கேட்காமல் போனது மாஸ்கோ பகுதியில்தான். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தவிக்கிற குரோவ், டாக்டர்கள் கிளப்பிலிருந்து வெளியே வரும்போது, சீட்டாட்டக் கூட்டாளியான ஓர் அதிகாரியிடம் யால்டாவில் சந்தித்த பெண்ணைப் பற்றிப் பேச்செடுக்கிறான். அவர் பனிச்சறுக்கு வண்டியில் ஏறிக் கிளம்பியவர், சட்டென்று திரும்பிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். குரோவ் ‘என்ன?’ என்கிறான். நீங்கள் சொன்னது சரிதான், அந்த ஸ்டர்ஜன் மீனில் கொஞ்சம் வாடை இருந்தது என்கிறார் அவர். அந்த ‘என்ன?’வை நீ விட்டுவிட்டு, ‘பேச்சை மாற்றினார்’ என்று சேர்த்திருக்கிறாய். அவர் எதையும் மாற்றவில்லையடா. அவர் மனசில் நிஜமாகவே மீன்தான் இருக்கிறது. காது கொடுக்க ஒருவர் கிடைத்துவிட்டார் என்கிற குரோவின் ஆசை முழுக்க அந்த ஒற்றை ‘என்ன?’வில் இருக்கிறது. அது போய்விட்டால், அடுத்து அவனுக்கு மூள்கிற கோபம் வெறும் எரிச்சலாகத்தான் தெரியும்.

சொல்ல வேண்டிய இடத்தில் செகாவ் வாய்விட்டே சொல்கிறார். அன்னா வீட்டுக்கு எதிரே ஆணி பதித்த நீண்ட சாம்பல் வேலி. இதைப் பார்த்தால் யாருக்கும் ஓடிப்போகத்தான் தோன்றும் என்று குரோவையே நினைக்க வைக்கிறார். அங்கே நீயும் தாராளமாகச் சொல். ஸ்டர்ஜன் என்ன மீன் என்று அடிக்குறிப்பு போட்டாலும் சரிதான். குரோவின் மனசுக்குப் போடாதே.

திருத்தியதும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. நடுவில் நிறுத்தி விளக்காதே. மீன் வரி வந்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா