மறையும் சுவடும் மறையாச் சுவடும்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே நமீபியா தேசத்தில் ஸ்வாகோப்முண்ட் என்றொரு பட்டணம் உண்டு. ஒரு புறம் குளிர்ந்த சமுத்திரம். மறு புறம் நமீப் பாலைவனம். சாகச விளையாட்டுக்களுக்குப் பெயர்போன இடம். உபாத்தியாயர்களாகிய நாங்கள் சிலர் அங்கே யாத்திரை சென்றோம். காலையில் அருகிலுள்ள வால்விஸ் விரிகுடாவில் சிறு தோணி செலுத்தினோம். கடல்நாய்க் குட்டிகள் துடுப்பைப் பற்றி விளையாடின. மாலையில் மணற்குன்றின் உச்சியிலிருந்து பலகைமேல் படுத்துச் சறுக்கினோம். நாற்பதைக் கடந்த நாங்கள் குழந்தைகளாகிவிட்டோம் என்றால் மிகையாகாது!

குன்றின்மீது பதிந்த தடத்தைக் காற்று விரைவில் அழித்துவிடுகிறது. சரளைக்கல் வெளியிலோ அப்படியன்று. மழை அரிதான அவ்வெளியில், பென்குவெலா என்னும் குளிர் நீரோட்டத்தால் எழும் மூடுபனியின் ஈரத்தைக் கொண்டே கற்பாசிகள் உயிர் வாழ்கின்றன. மோட்டார் வண்டி ஒருமுறை ஏறினால், அத்தடம் பல பத்தாண்டுகள் மறைவதில்லை. 2010-ல் டோரோப் தேசியப் பூங்காவை ஏற்படுத்தி, வண்டிகளுக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள்.

மறையக்கூடாத சுவடு வேறொன்றும் அங்குண்டு. பட்டணத்து மயானத்தருகே பெயரற்ற சிறு மண்மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1904-ல் மூண்ட யுத்தத்துக்குப் பின், ஜெர்மானியர் ஆட்சியில் முகாமில் அடைபட்டு மாண்ட ஹெரேரோ மக்களின் சமாதிகள் அவை. 2021-ல்தான் ஜெர்மன் அரசாங்கம் அக்கொடுமையை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. விளையாடச் செல்லும் அன்பர்கள் அங்கேயும் சிறிது நேரம் நின்று வணங்கிவிட்டு வரவேண்டுமென்பது எங்கள் விண்ணப்பம்.